டிக்கெட் வாங்கினால் போதாது, குத்தவும் வேண்டும்

ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்கள் முதல் மாதத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங் என்கிற முகவரிப் பதிவு, அப்புறம் வங்கிக் கணக்கு, விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைத்த பிளாக்டு அக்கவுண்ட்டை விடுவிப்பது, இன்சூரன்ஸ், ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்பாயிண்ட்மென்ட். அந்தக் கடைசி வேலை இழுக்கும், வந்த கையோடு கேட்டு வையுங்கள். இவற்றில் எதிலாவது பிழை நடந்தால் வீட்டுக்குக் கடிதம் வரும். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கடிதம்தான். நான் எழுத வந்தது, கடிதம் போடாமல் நேரே எதிரில் வந்து நிற்கும் ஒரு சமாச்சாரத்தைப் பற்றி.

வந்து ஆறாம் நாள். மாணவர்களுக்கான பயண பாஸான செமஸ்டர் டிக்கெட் இன்னும் கைக்கு வரவில்லை. இந்தியக் கடையில் புழுங்கல் அரிசி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ட்ராம் பிடிக்கப் போனேன். நிறுத்தத்து மெஷினில் நான்கு பயணத்துக்கான அட்டை கொஞ்சம் மலிவு. சாமர்த்தியமாக அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் கதவு மூடியதும், அதுவரை பயணிகள் போல நின்றிருந்த இரண்டு பேர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்தார்கள். சீருடை கிடையாது, ஒருவர் காதில் ஹெட்போன்கூட இருந்தது. நான்தான் முந்திக்கொண்டு, பெருமையாக, டிக்கெட்டை நீட்டினேன்.

அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நான்கு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் கம்பத்தில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். அதற்குள் அட்டையைச் செருகினால் ‘டக்’ என்று தேதியும் நேரமும் விழுமாம். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லையாம். இப்போதே குத்திவிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு பாஸ்போர்ட் கேட்டார். அபராதம் 60 யூரோ. அம்மாவிடம் 6,000 ரூபாய்க்குப் பக்கம் என்று கணக்குச் சொல்ல வாய் வரவில்லை. அரிசியும் வாங்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காசு கொடுத்து வாங்கியவனைத் திருடன் மாதிரி எழுந்து நிற்க வைத்தால்? பிறகு யோசித்தபோது அவர்கள் கணக்கு புரிந்தது, பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதே பயணம் தொடங்கிவிடுகிறது. அன்ரிசர்வ்டு ரயில் டிக்கெட்டிலும் வாங்கிய நேரம் அச்சாகி வரும். இங்கே கண்டக்டரும் கிடையாது, ஸ்டேஷனில் தடுப்பும் கிடையாது. குத்தாத அட்டையை நாளைக்கும் நாளன்றைக்கும் காட்டலாம் அல்லவா, அதனால் தொடங்கும் வேலையை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். தெரியாது என்பதைக் காரணமாக ஏற்கவே மாட்டார்கள். டிக்கெட் இல்லாமல் திரும்பத் திரும்பப் பிடிபட்டால் கிரிமினல் புகார்வரை போகும்.

சில ஊர்களில் மெஷினே நேரத்தை அச்சடித்துத் தரும், சில ஊர்களில் தராது. ஒரே மெஷின் ஒருவகை டிக்கெட்டில் அடித்துத் தரும், இன்னொன்றில் வெறும் கட்டம் விட்டுத் தரும். அதனால் டிக்கெட்டில் ‘பிட்டே என்ட்வெர்ட்டன்’, அதாவது ‘தயவுசெய்து குத்தவும்’, என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏறியதும், சில ஊர்களில் ஏறுவதற்கு முன்பே பிளாட்பாரத்தில், குத்திவிடுங்கள். ‘உட்கார்ந்துவிட்டுக் குத்தலாம்’ என்பது நம்மூர்ப் புத்தி, வேண்டாம். உங்கள் பெயர் போட்ட பாஸை வீட்டில் மறந்துவிட்டுப் பிடிபட்டால் மட்டும் பதற வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினால் 7 யூரோவோடு விடுவார்கள்.

லீவில் ஊர் சுற்றும்போதும் இதே கதைதான். பிராகில் மெட்ரோ வாசலில் மஞ்சள் பெட்டி இருக்கும், அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் போச்சு. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குத் தாளில் டிக்கெட் எடுத்தால் பிளாட்பாரத்திலேயே குத்த வேண்டும். போனில் எடுத்தாலும் ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். பீசாவில் நான் போன அன்று பெட்டி வேலை செய்யவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் பேனாவை வாங்கி, டிக்கெட்டின் மேல் தேதி, நேரம், ஸ்டேஷன் பெயர் எழுதிக் கொடுத்து, ரயிலில் ஏறியதும் கண்டக்டரை நீயே தேடிப் போய்ச் சொல் என்று கையாலேயே விளக்கினார். ஆறு மாதம் முன்பு அவர் எங்கே போயிருந்தார்!

இப்போது என்னிடம் டி-டிக்கெட் என்கிற ஜெர்மனி முழுக்கான பாஸ் போனில் இருக்கிறது, ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்கள் தவிர உள்ளூர் ரயில்களில் நாடு முழுக்கச் செல்லும், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும்கூட. மாதச் சந்தா, வேண்டாமென்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள். குத்தும் தொல்லை இல்லை, ஆனால் போன் செத்தால் டிக்கெட்டும் செத்தது.

இதையும் பட்டுத்தான் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். கோடையில், இங்கே ஹாம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம். நாதஸ்வரச் சத்தம், உடைந்த தேங்காய் வாசனை, காவடிகள். திரும்பிய பக்கமெல்லாம் யாழ்ப்பாணத் தமிழ். வீட்டுக்குக் காட்ட வீடியோ எடுத்தே போனைத் தீர்த்துவிட்டேன். திரும்பும் ரயிலில் 3 சதவீதம். நான் திரையையும் கதவையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்த எதிர் சீட் அக்கா, “தம்பி, ரிக்கற் போனுக்குள்ளயோ?” என்றார். ஆமாம் அக்கா என்றேன். மடியில் இருந்த பையைத் துழாவி ஒரு பவர்பேங்க்கை எடுத்து நீட்டினார். அதோடு அலுமினியத் தாளில் சுற்றிய இரண்டு வடையும்.