எழுவான்கரைக் கிணறுகளின் உவர்ப்பை வரைபடமாக்குதல்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில், கல்லடி, காத்தான்குடி, களுதாவளை போன்ற ஊர்களில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் மழைநீர் வில்லைபோல் தேங்கி நிற்கிறது. நடுவில் தடிப்பு, இரு கரையிலும் மெலிவு. ஆகவே அளக்கவேண்டிய கிணறுகளைத் தெருவழியே தெரிவுசெய்யாமல், கடற்கரையிலிருந்து வாவிக்கரை வரை குறுக்குக் கோடாகத் தெரிவுசெய்யுங்கள். ஒரு கோட்டில் கிணற்றுக்குக் கிணறு 100 முதல் 150 மீற்றர், கோட்டுக்குக் கோடு 500 மீற்றர் போதும்.

ஈசி மீற்றரை (நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் கருவி) அன்றன்று காலையில் 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் சரிபாருங்கள். அடிநீர் உவர்ப்புக் கூடியது என்பதால் எல்லாக் கிணற்றிலும் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரே ஆழத்தில் நீர் எடுங்கள். செப்டெம்பர் அளவையும் மாரிக்குப் பிந்திய அளவையும் ஒரே கோப்பில் கலக்கவே வேண்டாம்.

இடத்தைத் தசமபாகையில் 5 தசமதானம் வரை எழுதுங்கள். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) சேர்க்கும்போது எக்ஸ் என்பது 81-இல் தொடங்கும் எண், வை என்பது 7-இல் தொடங்கும் எண். மாறினால் உங்கள் கிணறுகள் ஆர்க்டிக் கடலில் மிதக்கும். கோப்பை 4326-இல் (பாகையில் அமைந்த ஆள்கூற்று முறையின் குறியெண்) திறந்து, மீற்றரில் அமைந்த 5235-க்கு (இலங்கை 1999 கட்டம்) மாற்றிச் சேமியுங்கள். மாற்றாமல் படவணு (படத்தின் ஒரு சிறு சதுரக் கட்டம்) அளவுக்கு 20 என்று கொடுத்தால் அது 20 பாகை. நாடே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். இலங்கையின் பழைய கண்டவல (Kandawala) கட்டத்தில் கிழக்கு, வடக்கு இரண்டுக்கும் தொடக்கப் பெறுமானம் 200000 மீற்றர், புதியதில் 500000. வரைபடத்தின் ஒரு படை (layer) கிழக்கு-மேற்காகவும் வடக்கு-தெற்காகவும் 300 கிலோமீற்றர் வீதம் விலகி நின்றால் காரணம் இதுதான்.

அடுத்து ஐடிடபிள்யூ இடைக்கணிப்பு (அளக்காத இடத்தின் எண்ணைச் சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து, கிட்டியதற்குக் கூடிய நிறை கொடுத்துக் கணிப்பது): தூரத்தின் அடுக்கு (power) 2, படவணு 20 மீற்றர். பலரும் தவறுவது இங்கேதான். மென்பொருளுக்கு வாவி தெரியாது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிணற்றின் எண்ணைத் தண்ணீருக்கு மேலால் இழுத்து வந்து கல்லடியில் பூசிவிடும். முடிந்தபின் கரையோர எல்லையால் வெட்டினால் நிறம் மறையுமே தவிர, கலப்பு மறையாது. எனவே எழுவான்கரைப் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கணியுங்கள், வெட்டுவது அதற்குப் பிறகு.

கிணற்றைச் சுற்றி வட்டவட்டமாக நிறம் விழுந்தால் அது நிலத்தடியின் வடிவமல்ல, புள்ளி போதாமையின் அடையாளம். பத்துக்கு ஒரு கிணற்றைக் கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கி, படம் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் அந்தப் பக்கம் இன்னொரு குறுக்குக் கோடு அளக்கவேண்டியதுதான்; அடுக்கை 3, 4 என்று மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.