மடிகணினியில் நுண் லேசர் வடிவமைப்பு: மூன்று துளை விட்ட பரிவறை

ஒளிப் பளிங்கு என்பது நுண்துளைகளை ஒழுங்காக அடுக்கி ஒளியைக் கட்டுப்படுத்தும் தகடு. அதில் ஒரு லேசரைச் செய்து முடிக்க, இலத்திரன் கற்றையால் துளை எழுதும் தூய அறை வேண்டும். வன்னியில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் துளைகளை எங்கே, எந்த அளவில் இடுவது என்ற கணிப்பை கிளிநொச்சி அறிவியல்நகரில் விடுதி மேசையில் இருந்தே செய்யலாம். 8 ஜிபி நினைவகமுள்ள மடிகணினியும் ஒளி பரவுவதைக் கணிக்கும் மீப் (Meep) என்ற இலவச மென்பொருளும் போதும். விண்டோஸில் மீப் நேரே ஏறாது. அதற்குள் லினக்ஸைத் திறந்து, கொண்டா (conda) என்ற நிறுவு கருவி வழியாக நிறுவுங்கள்.

தென்னங்காணியில் முக்கோண முறையில் கன்று நடுவது போல, மெல்லிய குறைகடத்தித் தகட்டில் துளைகளை அடுக்குங்கள். நடு வரிசையில் அடுத்தடுத்து மூன்று துளைகளை இடாமல் விட்டால், ஒளி அடைபடும் கேவிட்டி, அதாவது பரிவறை, கிடைக்கும். 1550 நனோமீற்றர் அலைநீளத்துக்குத் தொடக்க அளவுகள்: துளை இடைவெளி 420, துளை ஆரை 122, தகட்டுத் தடிப்பு 240 நனோமீற்றர், முறிவுச் சுட்டி 3.4. மீப்பில் இடைவெளியை 1 என வைத்தால் ஆரை 0.29, தடிப்பு 0.57, பரிவு மீடிறன் (இடைவெளியை அலைநீளத்தால் வகுத்த எண்) 0.27ஐ ஒட்டி வரவேண்டும்.

முதலில் இருபரிமாணத்தில் ஓட்டுங்கள். அங்கே தகட்டுக்குத் தடிப்பு கிடையாது, ஆகவே சுட்டியை 2.8 ஆகக் குறையுங்கள். பரிவறையைச் சுற்றி 7 வரிசைத் துளை, விளிம்பில் 1 இடைவெளி அகலமான உறிஞ்சும் படை, ஓர் இடைவெளிக்கு 20 புள்ளி. ஒளிமூலத்தைச் சரி நடுவில் வைக்காதீர்கள்: நடுவில் புலம் பூச்சியமாக உள்ள பாங்குகள் (பரிவறையில் ஒளி நிலைக்கும் வடிவங்கள்) அங்கிருந்து எழும்பவே மாட்டா. சற்று விலக்கி, சமச்சீர் எதுவும் போடாமல், முதல் ஓட்டத்தில் எல்லாப் பாங்குகளையும் பாருங்கள். மூலம் அணைந்த பிறகே, மீடிறனையும் தேய்வையும் கணிக்கும் மீப்பின் கருவியான ஹார்மின்வ் அளக்கத் தொடங்க வேண்டும். அது தரும் மீடிறனின் மெய்ப் பகுதியைக் கற்பனைப் பகுதியின் இரு மடங்கால் வகுத்தால், குறியை விட்டுவிட்டு, கியூ (Q) கிடைக்கும்: பரிவறை ஒளியை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதற்கான அளவு அது. பிழை எண் கற்பனைப் பகுதிக்குக் கிட்ட வந்தால் அந்தக் கியூவை எறிந்துவிட்டு இன்னும் நீண்ட நேரம் ஓட்டுங்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான். வரிசைகளை 5, 7, 9 என்று கூட்டினால் இருபரிமாணக் கியூ ஏறிக்கொண்டே போகும், ஏனெனில் அங்கே ஒளி மேலும் கீழும் தப்ப வழியே இல்லை. முப்பரிமாணத்தில் அதே கியூ ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த நின்ற எண்தான் உண்மையான கசிவைக் காட்டும்.

கசிவைக் குறைக்க, பரிவறையின் இரு முனைத் துளைகளையும் வெளிப்பக்கம் 0.15 இடைவெளி, அதாவது 63 நனோமீற்றர், தள்ளுங்கள். கியோத்தோவில் நோடா குழுவினர் 2003இல் சிலிக்கனில் இப்படித் தள்ளியே 45,000 என்ற கியூவை அளந்தனர். ஒளி திடீரென அறுபடாமல் மெல்லத் தேய்ந்தால், மேலே தப்பும் கூறு குறைகிறது.

முப்பரிமாண ஓட்டத்துக்கு மூன்று ஆடிச் சமச்சீரும் போட்டால் வேலை எட்டில் ஒன்றாகும். துளை விட்ட வரிசையின் திசை எக்ஸ் (x), தகட்டில் அதற்குக் குறுக்கே வை (y), தகட்டுக்குச் செங்குத்தாக இசட் (z). அடிப்படைப் பாங்குக்கு, நடுவில் வை (y) திசை மின்புலத்தை மூலமாக வைத்து, எக்ஸ் ஆடிக்கும் இசட் ஆடிக்கும் +1, வை ஆடிக்கு −1 கொடுங்கள். குறி மாறினால் பாங்கு காணாமற்போகும், பிழைச் செய்தியும் வராது. ஓட்டம் மணிக்கணக்கில் நீளும். சித்திரை வெயிலில் மடிகணினி சூடேறி வேகத்தைக் குறைக்கும். கரண்ட் போனால் பற்றரியும் நெடுநேரம் தாங்காது. ஆகவே இரவில் ஓட்டி, ஒவ்வொரு முடிவையும் உடனே கோப்பில் எழுதவையுங்கள்.

சிலிக்கன் நேரே லேசராகாது, அதன் பட்டை இடைவெளி மறைமுகமானது, அதாவது அது ஒளியை நன்றாக உமிழாது. 1999இல் அமெரிக்காவின் கல்டெக் பல்கலைக்கழகத்தில் இயங்கிய முதல் ஒளிப் பளிங்குப் பரிவறை லேசர் இந்தியம் காலியம் ஆசனைட்டு பொசுபைட்டுத் தகட்டில் செய்யப்பட்டது. அதையும் 143 கெல்வினுக்குக் குளிர்த்தி, ஒளித் துடிப்புகளால் ஊட்டினர். காற்றில் தொங்கும் தகட்டிலிருந்து வெப்பம் வெளியேற இடம் குறைவு. ஆகவே கியூவை மட்டும் துரத்தாதீர்கள்.

செய்பவரிடம் ஒரே வடிவத்தைக் கொடுக்கவும் வேண்டாம். முழு வடிவமும் 1% பெருத்தாலே அலைநீளம் 15 நனோமீற்றர் நகரும். இடைவெளி 410, 415, 420, 425, 430. ஒவ்வொன்றுக்கும் ஆரை 117, 122, 127. ஆக 15 பரிவறைகளை ஒரே தகட்டில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள்.