பழைய தேக்கு பீரோவுக்கு ஜோடியாகக் கண்ணாடிச் சட்டம்: எங்கெங்கே தப்புகிறது?

வீட்டில் ஒரு பழைய தேக்கு பீரோ நிற்கிறது. பக்கத்துச் சுவரில், அதோடு சேர்ந்து செய்தது போலவே ஒரு முகக்கண்ணாடி மாட்ட வேண்டும். இந்த வேலையில் இறங்குபவர்களில் பாதிப்பேர் முதலில் போவது பெயிண்ட் கடைக்கு. ஷேடு கார்டில் ‘வால்நட்’ அல்லது ‘டீக்’ என்று எழுதிய ஒரு ஸ்டெயினை வாங்கி வந்துவிட்டு, அப்புறம்தான் மரத்தைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். மரம், அதன் ரேகை, பூட்டு (கட்டையும் கட்டையும் சேரும் இணைப்பு), விளிம்பு, பளபளப்பு இவையெல்லாம் பொருந்திவிட்டால் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் கண் மன்னித்துவிடும். இவை பொருந்தாமல் நிறம் மட்டும் அச்சாக இருந்தால், வாசலிலேயே தெரிந்துவிடும்.

மரத்தில் நடக்கும் தவறு

தேக்கு என்றால் தேக்குதான் என்று நினைப்பது. பழைய பீரோக்களில், குறிப்பாகச் செட்டிநாட்டு வீடுகளில், பர்மா தேக்கு அதிகம். நெருக்கமான ஆண்டு வளையங்கள், நேராக ஓடும் ரேகை. இன்று கடையில் கிடைக்கும் இளம் தோட்டத் தேக்கில் வளையங்கள் அகன்று இருக்கும், ஓரத்தில் வெள்ளைக்கட்டையும் (மரத்தின் வெளிப்புற வெளிறிய பகுதி) வரும். வெள்ளைக்கு எவ்வளவு ஸ்டெயின் அடித்தாலும் வைரத்தின், அதாவது நடுக்கட்டையின், ஆழம் வராது. பூச்சி முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஒரு பக்கம் வெள்ளை தெரிகிற கட்டையை விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

பழைய மரத்துக்குப் பழைய மரமே பொருத்தம். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரம் விற்கும் கடைகளில் தேடினால் உலர்ந்து, நிறம் பிடித்த கட்டை கிடைக்கும். வாங்கியதும் இழைப்புளியைத் தூக்க வேண்டாம். முதலில் காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் இழுக்கும். அந்த ஒரு ஆணி உங்கள் இழைப்புளி அலகில் பல் விழ வைத்துவிடும்.

புது மரம்தான் என்றால் ஈரத்தைக் கவனியுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும்: கட்டையில் ஒரு துண்டை வெட்டி, வீட்டுக்குள் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். ஒரு வாரம் எடை மாறவில்லை என்றால் அந்தத் துண்டு வீட்டுக் காற்றோடு சமன் ஆகிவிட்டது. பெரிய கட்டைக்கு இன்னும் சில வாரம் கொடுங்கள்.

அளவு

உதாரணத்துக்கு 450 × 600 மி.மீ. கண்ணாடி, 5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் அகலம் 60, தடிமன் 25. கண்ணாடி உட்காரும் காடி, அதாவது கட்டையின் பின்பக்க உள்விளிம்பில் படி போல வெட்டும் பள்ளம், 10 மி.மீ. அகலம். இங்கே வழக்கமான தவறு, காடியைக் கண்ணாடி அளவுக்கே இறுக்கமாக வெட்டுவது. மழைக்காலத்தில் மரம் ஊதும்போது விளிம்பில் அழுத்தம் விழுந்து கண்ணாடி கீறல் விடும். மொத்தமாக 3 மி.மீ. இடைவெளி கொடுங்கள். அப்படியானால்:

காடிக்கு உள்ளளவு 453 × 603.
முன்னால் தெரியும் திறப்பு 433 × 583.
வெளியளவு 553 × 703.

ஒரு விஷயம்: கண்ணாடியை முதலில் வாங்கி, கையில் வைத்து அளந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். கடையில் சொல்லும் 450, டேப் வைத்தால் 448 ஆகவோ 452 ஆகவோ இருக்கும்.

கழிவோடு சேர்த்து 10 அடி நீளத்தில், 2¾ × 1¼ அங்குலக் கட்டை ஒன்று போதும். ஏறக்குறைய கால் கன அடி.

பூட்டு

பெரிய சறுக்கல் இங்கேதான். போட்டோ பிரேம் என்றாலே நான்கு மூலையும் 45 டிகிரி என்று கை தானாகப் போகிறது. பீரோக் கதவை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான பழைய கதவுகளில் நெட்டுக்கட்டை மேலிருந்து கீழ் வரை ஓடும். குறுக்குக்கட்டை அதில் நாக்கும் துளையுமாகச் செருகியிருக்கும். மூலையில் தெரிவது படுக்கையான ஒரே ஒரு கோடு. சிலவற்றில் மூங்கில் ஆணி அறைந்த சின்ன வட்டமும் தெரியும். அந்தப் பீரோ பக்கத்தில் 45 டிகிரி மூலை வைத்த சட்டம் கடையில் வாங்கிய பொருளாகத்தான் நிற்கும். பீரோவில் எந்தப் பூட்டோ, சட்டத்திலும் அதே பூட்டு.

45 டிகிரி மூலைக்கு இன்னொரு குறையும் உண்டு. நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி வாய் பிளக்கும். வெட்டு துல்லியமாக இருந்தாலும், மரம் உலர்ந்து அகலத்தில் சுருங்கும்போது மூலையின் உட்பக்கம் திறந்துகொள்ளும். நீளவாக்கில் மரம் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம், அகலத்தில்தான் சுருங்கும், காரணம் அவ்வளவுதான். சட்டம் அகலமாக ஆக இடைவெளியும் கூடும்.

நாக்குப் பூட்டுக்கு வருவோம். நாக்கின் தடிமன் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ. முதன்முறை செய்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் தோள்பட்டை, அதாவது நாக்கு தொடங்கும் இடத்தில் முன்னும் பின்னும் நிற்கும் படி. நெட்டுக்கட்டையின் பின்பக்கத்தில் காடிக்காக 10 மி.மீ. போய்விட்டது. ஆகவே குறுக்குக்கட்டையின் முன்தோளும் பின்தோளும் ஒரே கோட்டில் இருக்க முடியாது. முன்தோளுக்கு முன்தோள் 433 என்றால், பின்தோளுக்குப் பின்தோள் 453. இரண்டையும் ஒரே கோட்டில் அறுத்துவிட்டால் முன்னால் கச்சிதமாக இருக்கும், பின்னால் திருப்பினால் மூலைக்கு மூலை 10 மி.மீ. பொந்து. கோடு கிழிக்கும்போதே இரண்டு கோடு கிழித்து, வெட்டி எறிய வேண்டிய பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

நாக்கு முன்தோளிலிருந்து 40 மி.மீ. என்றால் குறுக்குக்கட்டை ஒன்றின் மொத்த நீளம் 513. நெட்டுக்கட்டையை 703-க்கே அறுத்துவிடாதீர்கள். இரு முனையிலும் 20 மி.மீ. கூடுதலாக விட்டு, துளை எடுத்து, ஒட்டி, காய்ந்த பிறகு அறுங்கள். முனைக்கு அருகில் துளை கொத்தும்போது மரம் பிளப்பதை அந்தக் கூடுதல் துண்டு தாங்கிக்கொள்ளும்.

ஒட்டுமுன் பசை இல்லாமல் ஒருமுறை பூட்டி, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணம். மூலைமட்டத்தை மட்டும் நம்பினால் ஒரு மூலை சரியாகி இன்னொன்று போகும்.

பசை

தேக்கில் எண்ணெய் உண்டு. போன வாரம் இழைத்த முகத்தில் பசை தடவினால் பிடிப்பு குறையும். ஒட்டும் நாளிலேயே முகத்தைப் புதிதாகச் சீவி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆறியதும் பெவிகால் தடவுங்கள்.

பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் தேய்த்துத் துடைப்பது நல்ல பழக்கம் போலத் தெரியும். உண்மையில் பசையைக் கரைத்து மரத்தின் துளைகளுக்குள் ஏற்றிவிடுகிறீர்கள். இப்போது ஒன்றும் தெரியாது. ஸ்டெயின் போட்டதும் மூலையைச் சுற்றி வெளிறிய திட்டு தெரியும். பசை ரப்பர் பதத்துக்கு வரும்வரை அரை மணி, முக்கால் மணி காத்திருந்து உளியால் சுருளாக உரித்தெடுங்கள். பூட்டின் ஓரத்தில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டி வைப்பது இன்னும் நல்லது. சந்தேகம் இருந்தால் பாலிஷுக்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை முழுக்கத் துடையுங்கள். நனைந்த மரத்தில் பசைத் திட்டு வெளிறித் தெரியும்.

உப்புத்தாள், விளிம்பு

80, 120, 180, 220 என்று படிப்படியாகப் போக வேண்டும். 80-லிருந்து நேராக 220-க்குத் தாவினால் 80-ன் கீறல்கள் உள்ளேயே இருக்கும், ஸ்டெயின் அதில் போய் உட்கார்ந்து கோடு கோடாகக் காட்டும். உட்பக்க விளிம்பைப் பூட்டுவதற்கு முன்பே தேய்த்துவிடுங்கள், பிறகு மூலைக்குள் கை போகாது. பூட்டின் மேல் தேய்க்கும்போது முதலில் குறுக்குக்கட்டை, கடைசியில் நெட்டுக்கட்டை, கோடு வந்ததும் நிறுத்துவது. ரேகைக்குக் குறுக்கே போன ஒரு கீறல் போதும், எல்லாம் கெட்டுவிடும். நெட்டுக்கட்டையின் முனைகள் ஸ்டெயினை உறிஞ்சிக் கறுக்கும். அங்கே மட்டும் 320 வரை தேயுங்கள். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகக்கவசம் போடாமல் தேய்க்க வேண்டாம்.

விளிம்பை யாரும் நினைப்பதில்லை. ஐம்பது ஆண்டு கைபட்ட பீரோவில் ஒரு விளிம்பும் கூராக இருக்காது. புதுச் சட்டத்தின் விளிம்பு கத்தி போல நின்றால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது. 220 தாளை விரலில் சுற்றி எல்லா விளிம்பையும் 1 மி.மீ. அளவுக்கு மழுக்குங்கள். பீரோவில் பீடிங் (விளிம்பில் ஓடும் வளைவான அலங்காரப் பட்டை) ஓடினால் அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி வடிவத்தை எடுக்கலாம், ஆனால் அப்படியே பெயர்க்க வேண்டாம். ஆறரை அடி பீரோவுக்குப் போட்ட பீடிங் இரண்டடிச் சட்டத்தில் கனமாகத் தொங்கும். வளைவு அதே, அளவு மூன்றில் இரண்டு.

நிறம், கடைசியாக

பீரோவின் நிறம் மரத்தின் நிறம் மட்டும் அல்ல. மரம், அதன் மேல் மஞ்சளித்த பாலிஷ், அதற்கும் மேல் கை அழுக்கு. முதலில் ஈரத்துணியால் பீரோவைத் துடைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பிறகு எந்தப் பாலிஷ் என்று கண்டுபிடியுங்கள். கதவின் உள்பக்கம், கண்ணில் படாத கீழ் மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து அரை நிமிடம் பொறுங்கள். விரலில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது இதைத்தான். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ். அரக்குப் பாலிஷ் போட்ட பீரோவுக்குப் பக்கத்தில் பி.யு. அடித்த சட்டம் பிளாஸ்டிக் உறை போட்டது போல மின்னும்.

புதிதாக இழைத்த தேக்கு பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அன்றைக்கே அதைப் பார்த்து நிறம் கலப்பது வீண். வெட்டி மிஞ்சிய ஒரு துண்டைப் பாதி கறுப்புத் தாளால் மூடி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். தாளை எடுத்தால் இரண்டு பாதியும் இரண்டு மரம் போலத் தெரியும். வெயில் பட்ட பாதிதான் உங்கள் தொடக்கப் புள்ளி. சட்டத்தையும் அதேபோலத் திருப்பித் திருப்பி வெயில் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

அரக்குக்கு 500 மி.லி. ஸ்பிரிட்டில் 75 முதல் 100 கிராம் செதில். ஆரஞ்சு அரக்குக்குச் சொந்தமாகவே தேன் நிறம் உண்டு. பல நேரம் ஸ்டெயினே தேவைப்படாது. மீந்த துண்டில் ஒரு கோட், மூன்று கோட், ஆறு கோட் என்று பட்டை பட்டையாக ஏற்றி, அதைக் கண்ணாடி மாட்டப்போகும் சுவரிலேயே செங்குத்தாகப் பிடித்து, பகலில் ஒருமுறை, இரவில் அந்த அறை விளக்கில் ஒருமுறை பாருங்கள். மேசையில் படுக்க வைத்துப் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரியும். ஸ்டெயின் வேண்டியிருந்தால் ஒரு சாயல் குறைவாகவே நிறுத்துங்கள். கறுப்பாக்க எப்போதும் முடியும், வெளுப்பாக்க எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும்.

துளைகளை அடைக்கச் சாக்பொடி போடுபவர்கள் அதில் காவியோ அம்பரோ (பழுப்பு நிற மண் பொடி) கலக்க மறந்தால், பின்னாளில் ரேகை நெடுக வெள்ளைக் கோடுகள் எழும். பீரோவில் துளைகள் திறந்தே இருந்தால் அடைக்கவே வேண்டாம்.

கரைத்து ஆறு மாதம் ஆன அரக்கு சரியாக இறுகாது. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலிஷ் போட்டால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பால் போல வெளுக்கும். மழை விட்ட நாளில், நடுப்பகலில் போடுவது நல்லது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்போ சாமி விளக்கோ எரியும் அறையில் வேண்டாம். எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகும் பளபளப்பு பீரோவை விட அதிகமாக இருந்தால், 0000 எண் மெல்லிய ஸ்டீல் உல்லில் (இரும்பு நார்) மெழுகு தொட்டு ரேகையோடு லேசாகத் தேயுங்கள். பின்பக்கத்துக்கும் இரண்டு கோட் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடிய மரம் மறுபக்கம் ஈரம் குடித்து வளையும்.

மாட்டும்போது

காடியின் உள்சுவரைக் கறுப்பு அடியுங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் படாத மரத்தின் விளிம்பு கண்ணாடியில் பிரதிபலித்து, முன்னால் ஒரு வெளிறிய கோடு சுற்றிலும் தெரியும். கண்ணாடியின் முதுகில் புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் படக்கூடாது, அதிலிருந்து வரும் அமிலம் ரசத்தை அரிக்கும். 4 மி.மீ. பிளைவுட் வைத்து, திருகால் பிடியுங்கள். பித்தளைத் திருகு என்றால் தேக்கில் தலை முறியும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள்.

கண்ணாடி சுமார் 3.4 கிலோ, மரம் இரண்டரை, பிளைவுட்டும் சேர்ந்தால் ஆறரை கிலோ வரும். ஒற்றை ஆணியும் கயிறும் வேண்டாம். இரண்டு நெட்டுக்கட்டையிலும் ஒவ்வொரு வளையம், சுவரில் இரண்டு பிளக். கீழ் மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் பொத்தான் ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும், ஓதம் ஏறாது.