விண்டோஸ் டிரைவ் லினக்ஸில் மவுன்ட் ஆகவில்லையா?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ டிரைவ் லினக்ஸில் மவுன்ட் ஆகாது, அதாவது இணைந்து திறக்காது. அப்படியே மவுன்ட் ஆனாலும், படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்!

பெரும்பாலும் காரணம் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறக்கத்துக்குப் போய், டிரைவைத் தன் பிடியிலேயே வைத்திருக்கும். அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். அதனால்தான் லினக்ஸ் மறுக்கிறது.

விண்டோஸுக்குள் போய், ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட்டில் அது முழுதாக அணையும். நிரந்தரமாகத் தீர, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே டெர்மினலில் 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' என்ற கட்டளையை ஓட்டச் சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது சில பிழைகளை மட்டும் சரிசெய்து, அடுத்தமுறை டிஸ்கைச் சோதிக்கும்படி விண்டோஸுக்குக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். முழுச் சோதனைக்கு விண்டோஸில் 'செக்டிஸ்க்' (chkdsk) கட்டளையை ஓட்டுவதே நல்லது.