குட்டி நாய் திடீரென்று சுருண்டு படுத்தால்

காலையில் ஓடி விளையாடிய நாய் மதியம் வாந்தி எடுத்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டால் கை கால் ஓடாதுதான். முதலில் அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள்; வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறே கருத்த நாய் என்றால் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூச்சுத்திணறல், வலிப்பு, வாந்தியில் ரத்தம், வயிறு உப்பியபடி வெறும் ஓங்கரிப்பு, இவற்றுக்கும் அதேதான்.

ஈறு நன்றாக இருக்கிறதா? சரி, தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைக்காதீர்கள். மடக்மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி கக்கும். ஓரிரு ஸ்பூனாக, சற்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். சின்ன உடம்பில் நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும். அதனால் வாந்தியோ பேதியோ தொடர்ந்தால், மூன்று நான்கு மாதக் குட்டியாக இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நம் மாத்திரை டப்பா பக்கம் மட்டும் போகாதீர்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம். எதையாவது கடித்துத் தின்றிருந்தால் அந்த உறையையும், வாந்தியை ஒரு போட்டோவும் எடுத்துப் போங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.