ஆடிட்டுக்கு முன்: குழுவுக்குள் குழு இருந்தால்

ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) ஒரு குழுவின் ‘மெம்பர்ஸ்’ பட்டியலை அப்படியே எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். நேரடி உறுப்பினர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். உள்குழுக்கள் வழியாக அனுமதி பெற்றவர்கள் இருக்கமாட்டார்கள். எல்டாப் (LDAP, டைரக்டரியில் தேட உதவும் நெறிமுறை) ஃபில்டரில் ‘மெம்பர்ஆஃப்’ பண்புடன் 1.2.840.113556.1.4.1941 என்ற விதியைச் சேர்த்து, குழுவின் முழு டிஎன்-ஐக் (DN, டைரக்டரியில் அதன் முழுப் பாதைப் பெயர்) கொடுங்கள். எத்தனை அடுக்கு இருந்தாலும் கடைசி ஆள்வரை வந்துவிடும். பெரிய டொமைனில் நேரம் பிடிக்கும், இரவில் ஓட்டுவதே நல்லது. இதற்குப் பதிலாக பவர்ஷெல்லின் (விண்டோஸின் கட்டளைக் கருவி) குழு உறுப்பினர் கட்டளையைப் (Get-ADGroupMember) பயன்படுத்தினால், உறுப்பினர் எண்ணிக்கை இயல்பு வரம்பான 5,000-ஐத் தாண்டினால் பிழை காட்டி நின்றுவிடும். பிரைமரி குழு (ஒவ்வொரு கணக்குக்கும் முதன்மையாகக் குறிக்கப்பட்ட ஒரு குழு) வழியாக வருபவர்கள் மேலே சொன்ன எல்டாப் தேடலில் சிக்கமாட்டார்கள். டொமைன் யூசர்ஸுக்கு ‘பிரைமரிகுரூப்ஐடி’ 513 என்று தனியாகத் தேடுங்கள்.

அடுக்குகளை இரண்டோடு நிறுத்துங்கள்: ஆள் பணிக்குழுவில், பணிக்குழு அனுமதிக்குழுவில். உள்குழுக்களையும் சேர்த்து ஒருவருக்கு 1,010 குழுக்களுக்கு மேல் போனால் லாகினே தடைபடும்.