இங்கிலீஷில் எழுதும்போது உள்ளே ஓடும் தமிழைப் பிடிப்பது எப்படி?

பெங்களூருக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வாரம், லண்டனில் இருந்த ஒரு டிசைனருக்கு நான் அனுப்பிய மெயிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்." அவர் அனுப்பிய படத்தில் ஒரு பட்டன் எங்கே வரவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை, அதைக் கேட்கத்தான் எழுதினேன். அவரோ தன் வேலையையே நான் சந்தேகப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, அந்த டிசைன் ஏன் சரியானது என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதி, என் மேனேஜரையும் சிசியில் போட்டு அனுப்பிவிட்டார். பட்டன் எங்கே வரும் என்பது மட்டும் அதில் இல்லை.

என் வரியில் ஸ்பெல்லிங் தப்பு எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் "சார், ஒரு சந்தேகம்" என்று கை தூக்கிப் பழகியவன் எழுதிய வரி, அவ்வளவுதான். நமக்குக் கேள்வியும் சந்தேகம்தான், நம்பிக்கை இல்லாததும் சந்தேகம்தான். லண்டன்காரருக்கு டவுட் என்றால் இரண்டாவது மட்டும், முதலாவதற்கு அவரிடம் 'கொஸ்டின்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. என் பழைய மெயில்களையும், ஒவ்வொரு வருஷமும் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளின் மெயில்களையும் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றியது இதுதான்: நம் இங்கிலீஷ் இடறுகிற இடங்களில் முக்கால்வாசி, அடியில் ஒரு நல்ல தமிழ் வாக்கியம் படுத்திருக்கும் இடங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதித் திருத்தம் தமிழிலேயே கிடைத்துவிடும். கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதில்லை.

படி 1: கடைசியாக அனுப்பிய பத்து மெசேஜை எடுங்கள்

மெயில், வாட்ஸ்அப், ஆபீஸ் சாட் எதுவானாலும் சரி. நீங்கள் இங்கிலீஷில் எழுதி அனுப்பியவற்றில் பத்தை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். காப்பி பேஸ்ட் வேண்டாம், கையால் எழுதும்போதுதான் "இதையா அனுப்பினேன்?" என்று உறைக்கும். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஒரு வரி இடம் விடுங்கள்.

படி 2: அந்த இடத்தில் உள்ளே ஓடிய தமிழை எழுதுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் போகும், போகட்டும். "டுடே மார்னிங்" என்று எழுதியிருந்தால் கீழே "இன்று காலை" என்று வரும். சொல்லுக்குச் சொல் அப்படியே. இங்கிலீஷ்காரர்கள் "திஸ் மார்னிங்" என்பார்கள். "டிஸ்கஸ் அபௌட்" என்றால் கீழே "அதைப் பற்றிப் பேசினோம்" இருக்கும், ஆனால் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது, அபௌட்டை அடித்துவிடலாம். "ஹீ டோல்ட் தட்" என்றால் கீழே "அவர் சொன்னார்". டெல் என்று எழுதினால் யாரிடம் சொன்னார் என்று ஆளைக் காட்ட வேண்டும், "ஹீ டோல்ட் மீ". ஆள் இல்லையென்றால் "ஹீ செட்".

இதைவிடக் கொஞ்சம் ஆழத்தில் இருப்பவை காலத்தைக் காட்டும் வினைகள். "நேற்று மைசூர் போயிருந்தேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், அது அப்படியே "ஐ ஹேட் கான் டு மைசூர் எஸ்டர்டே" என்று இறங்கிவிடும். அங்கே "வென்ட்" போதும். ஹேட் வேண்டுமென்றால் நடந்து முடிந்த காரியம் இரண்டு இருக்கவேண்டும், அதில் ஒன்று மற்றதற்கு முன்னாலேயே முடிந்திருக்கவேண்டும். நான் சில்க் போர்டு வந்து சேர்வதற்குள் கடைசி பஸ் போயிருந்தது என்று சொல்கிறோமே, அந்தப் போன பஸ்ஸுக்குத்தான் ஹேட். அதேபோல "2019லிருந்து இங்கே வேலை செய்கிறேன்" என்பது "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" ஆகிவிடும். அன்றைக்குத் தொடங்கி இன்னும் தொடரும் காரியத்துக்கு "ஹேவ்" வேண்டும், இங்கே "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்".

"ஐ ஆம் ஹேவிங் எ கார்", "ஐ ஆம் நோயிங் ஹிம்" என்று எழுதுபவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. தமிழ் வாக்கியம் 'எனக்கு' அல்லது 'என்னிடம்' என்று தொடங்குகிறதா பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், என்னிடம் கார் இருக்கிறது. இவற்றோடு 'கொண்டிருக்கிறது' சேர்த்து யாரும் பேசுவதில்லை, இங்கிலீஷிலும் பெரும்பாலும் அந்த இங் சேராது. ஹேவிங் லஞ்ச் என்பது சாப்பிடுவது, அது வேறு கதை.

கடைசியாக 'தான்', 'ஏ'. நேற்றுதான் அனுப்பினேன் என்பது "எஸ்டர்டே ஒன்லி ஐ சென்ட்", நாளைக்கே வருகிறேன் என்பது "டுமாரோ இட்செல்ஃப்". எழுதும்போது இவற்றைப் பேசாமல் அடித்துவிடுங்கள், பத்தில் ஒன்பது இடத்தில் ஒன்றும் குறையாது.

படி 3: எ, ஆன், த

நம் ஆட்களுக்கு ஆயுசுக்கும் தீராத தலைவலி. தமிழில் இது இல்லை, அதனால் நமக்கு வராது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தமிழில் இது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

"பைக் வாங்கினேன்." "பைக்கை வாங்கினேன்." இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு பைக். இரண்டாவது நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த, உங்களுக்கும் தெரிந்த பைக், அந்த அல்சூர் ஷோரூமில் பார்த்தோமே அது. இந்த வித்தியாசம் உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, தப்பாகவும் வராது. பைக்கை என்பதில் கடைசியில் வரும் அந்த ஐ உருபு இல்லாவிட்டால் "ஐ பாட் எ பைக்", உருபு வந்தால் "ஐ பாட் த பைக்". பொருள்களுக்கு மட்டும் இந்தச் சோதனையை வையுங்கள், ஆட்களுக்கு வேண்டாம், ஏனென்றால் "பையனைப் பார்த்தேன்" என்று ஆளுக்கு எப்போதும் ஐ போட்டே ஆகவேண்டும்.

எ-வா ஆன்-ஆ என்பது அதைவிடச் சுலபம். நாம் ஓர் ஊர், ஒரு மரம் என்று எழுதுகிறோமே, அதேதான். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைப் பாருங்கள். சந்தேகம் வந்தால், பாருங்கள் எனக்கு இன்னும் அந்தச் சொல்தான் வருகிறது, அந்த இங்கிலீஷ் சொல்லை மனதுக்குள் தமிழில் எழுதிவிடுங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆன் அவர். 'யுனிவர்சிட்டி' உயிர்மெய்யில் தொடங்குகிறது, எ யுனிவர்சிட்டி. ஆன் எம்பிஏ, ஆன் எல்ஐசி ஏஜென்ட். 'ஒன்' போல ஓரிரண்டு சொல்லில் மட்டும் முன்னால் இருக்கும் வகரத்தை நாம் விட்டுவிட்டு எழுதுகிறோம், அதனால் எ ஒன்-டே மேட்ச்.

எ, ஆன் இரண்டுமே போடக்கூடாத சொற்களும் உண்டு: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ். இவை அரிசி மாதிரி. ஓர் அரிசி வாங்கினேன் என்று கடைக்குப் போய் வந்த யாரும் சொல்வதில்லை, அரிசிகள் என்றும் சொல்வதில்லை. ஆகவே எ-யும் வேண்டாம், பின்னால் எஸ்ஸும் வேண்டாம்.

படி 4: கிரயப் பத்திரச் சொற்களை எடுத்துவிடுங்கள்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது, சந்தையிலும் அடுப்படியிலும் பழைய இங்கிலீஷே ஓடியது. அதனால்தான் ஒரே காரியத்துக்கு இரண்டு சொல்: பை, பர்ச்சேஸ். பிகின், கமென்ஸ். ஹெல்ப், அசிஸ்ட். நமக்கு இது புதிதா என்ன, பத்திரத்தில் 'கிரயம்' பெறுவோம், கடையில் 'வாங்குவோம்'. அரை கிலோ தக்காளி கிரயம் பெற்றேன் என்று வீட்டில் சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ, "ஐ பர்ச்சேஸ்ட் டொமேட்டோஸ்" என்பதும் ஏறக்குறைய அந்த ரகம். பெரிய சொல் போட்டால் படித்தவன் என்று நினைப்பார்கள் என்பது நம்முடைய கணக்கு. அங்கேயோ பிரிட்டனில் 1979இலேயே பிளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன் என்ற இயக்கம் கிளம்பி, பாராளுமன்றத்துக்கு எதிரே அரசாங்கப் படிவங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது, ஒன்றும் புரியவில்லை என்று.

"டூ த நீட்ஃபுல்", "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப் போனவை. அதிகாரி எந்த ஊரில் போஸ்டிங்கோ அது அவனுக்கு ஸ்டேஷன், வெளியே போனால் அவுட். ஐடி கம்பெனியில் இருக்கும் உங்களுக்கு எது ஸ்டேஷன், இந்திராநகர் மெட்ரோவா? "ட்ராவலிங்" என்று எழுதுங்கள். "நீட்ஃபுல்" என்பதற்குப் பதில் எதைச் செய்யவேண்டுமோ அதையே சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ள வேண்டியதில்லை. ப்ரிபோன் நல்ல சொல், இந்தியாவுக்குள் தாராளமாக எழுதுங்கள், வெளிநாட்டுக்கு மட்டும் "ப்ரிங் ஃபார்வர்ட்". சகலைக்குக் கோ-பிரதர் என்று தென்னிந்தியாவில் வழங்குகிறோமே, அதையும் நான் விடுவதாக இல்லை, இங்கிலீஷில் அந்த உறவுக்குத் தனிச் சொல்லே இல்லாதது அவர்கள் குறை.

படி 5: கேட்பதை முதலில் கேளுங்கள்

இதற்கு ஓர் உதாரணத்தை முழுசாகவே பார்த்துவிடலாம். முருகேஷ்பாளையாவில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் திருவண்ணாமலைத் தம்பி போன வாரம் போனை நீட்டினான். "அண்ணா, ஓனருக்கு அனுப்பப்போறேன், ஒரு தடவை பார்த்துடுங்க." ஓனர் கன்னடக்காரர், எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இங்கிலீஷ்தான்.

"ரெஸ்பெக்டட் சார், திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட் வீ ஆர் ஸ்டேயிங் இன் யுவர் செகண்ட் ஃப்ளோர் ஹவுஸ் சின்ஸ் ஜூன். லாஸ்ட் வீக் வீ ஹேட் நோட்டிஸ்ட் தட் கிச்சன் டேப் இஸ் லீக்கிங். ட்யூ டு திஸ் வாட்டர் இஸ் கோயிங் டு டவுன் ஹவுஸ். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

நாங்கள் அவர் வீட்டில்தான் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதா? அதை விடுங்கள், இந்தக் கடிதத்தின் உருவத்தைப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் மொத்தக் கடிதமும் அப்படியே அமைந்துவிடுகிறது, யார், எப்போது, என்ன நடந்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் 'ஆகவே'. ஓனரின் போனில் நோட்டிபிகேஷனாகத் தெரிவது முதல் இரண்டு வரி. அதில் குழாயே இல்லை.

மரியாதை எங்கே போவது என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. 'அனுப்புங்கள்' என்பதில் அந்த ங்கள் எல்லா மரியாதையையும் தூக்கிக்கொள்கிறது. சென்ட் என்ற வினையில் அதை ஏற்ற இடம் கிடையாது, அதனால் நாம் பதறிப்போய் ரெஸ்பெக்டட், கைண்ட்லி, ஹம்பிளி என்று வெளியே அடுக்குகிறோம். இங்கிலீஷில் மரியாதை கேள்வியாகக் கேட்பதில் இருக்கிறது. அதோடு ஒரு ப்ளீஸ், போதும். பெங்களூர் ஓனர் ஆச்சே, சார் இருக்கட்டும். இப்படி மாற்றினோம்:

"குட் மார்னிங் சார். கேன் யூ ப்ளீஸ் சென்ட் எ ப்ளம்பர் டுமாரோ? த கிச்சன் டேப் ஆன் த செகண்ட் ஃப்ளோர் இஸ் லீக்கிங், அண்ட் த வாட்டர் ஹேஸ் ரீச்ட் த ஹவுஸ் பிலோ. ஐ வில் பி அட் ஹோம் டில் டென்."

எந்தப் ப்ளம்பரோ ஒருவர், அதனால் எ. எந்தக் குழாய் என்பது தெரியும், அதனால் த. கடைசி வரியில் முதலில் "வீ" என்றுதான் போட்டிருந்தான், அதை நான்தான் ஐ ஆக்கச் சொன்னேன். நாம், நாங்கள் என்ற பாகுபாடு இங்கிலீஷில் இல்லாததால் வீ ஆபத்தான சொல். 2024 கோடையில் தண்ணீருக்கு ஊரே அலைந்தபோது "வீ நீட் டு பே ஃபார் த டேங்கர்" என்று இதே ஓனருக்கு எழுதினேன். நான் சொன்னது நாம், அதாவது ஆளுக்குப் பாதி. அவர் படித்தது நாங்கள். முழுப் பணமும் எங்கள் தலையில் விழுந்தது.

படி 6: பத்து நிமிஷம் ஆறவிட்டு வாய்விட்டுப் படியுங்கள்

மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். திருத்தித் தரும் ஆப்களைக் கடைசியில் மட்டும் தட்டுங்கள், முதலிலேயே கொடுத்தால் உங்கள் தப்பு எது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

படிக்க என்ன என்று கேட்டால், டெக்கான் ஹெரால்டில் 'ரைட் இன் த மிடில்' என்று வாசகர்கள் எழுதும் சின்னப் பகுதி வரும், வீட்டுக் கதை, பஸ் கதை எல்லாம். நம்மைப் போன்றவர்கள் எழுதுவது, நம் பிழைப்புக்கு அந்த இங்கிலீஷ் தாராளம். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் சிறுவர் புத்தகமாக நாலைந்து அள்ளி வந்தாலும் சரிதான்.

தம்பி அந்த மெசேஜை ராத்திரி ஒன்பதரைக்கு அனுப்பினான். குட் மார்னிங்கை மாற்ற இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இரண்டே நிமிஷத்தில் ஓனரிடமிருந்து பதில்: "ஓகே. டுமாரோ மார்னிங் இட்செல்ஃப் ப்ளம்பர் வில் கம்." அவர் கன்னடத்திலும் அந்த ஏ இருக்கிறது போல. தம்பி என்னைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு ப்ளம்பர் வந்துவிட்டார்.